தோட்ட ஷெட்: கதவு உரசினால் அடித்தளத்தைப் பாருங்கள்

பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் ‘கிட்’ ஷெட்டில் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையிலேயே துளை போட்டிருப்பார்கள். அடித்தளம் மட்டும் வாங்குபவர் பொறுப்பு. அது ஒரு மூலையில் அரை அங்குலம் இறங்கினாலே துளைகள் நேருக்கு நேர் வராது, இரட்டைக் கதவு நடுவில் உரசும். கனடாவின் ஒன்ராறியோ போன்ற இடங்களில் முதல் பனிக்காலமே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

புல்லின் மேலேயே நாலு மூலைக்கும் சிமெண்ட் கல் வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வேர் நிறைந்த மேல்மண் அமுங்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஈரம் உறைந்தால் மண் உப்பும், இளகினால் இறங்கும். நாலு மூலையும் ஒரே அளவில் ஏறி இறங்காது. மேல்மண்ணை வெட்டியெடுத்து, மண்ணும் கல்லும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 6 அங்குலத்துக்கு ஜல்லி போடுங்கள். வெட்டும் முன் ‘ஒன்ராறியோ ஒன் கால்’ (Ontario One Call) என்ற சேவையிடம் சொன்னால் நிலத்தடி எரிவாயுக் குழாய், மின்கம்பி போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

பார்க்க அழகாக இருக்கிறதென்று உருண்டைக் கூழாங்கல் வாங்காதீர்கள். எவ்வளவு இடித்தாலும் அது உருண்டுகொண்டே இருக்கும். கூர்முனையுள்ள முக்கால் அங்குல உடைகல்தான் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். 8க்கு 10 அடி ஷெட் என்றால் சுற்றிலும் ஓரடி கூட்டி 10க்கு 12 அடி. 6 அங்குல உயரத்துக்கு 60 கன அடி, அதாவது சுமார் இரண்டேகால் கன யார்டு. இடிக்கும்போது அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். மொத்தத்தையும் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பாகம் தளர்ந்தே கிடக்கும். இரண்டு மூன்று அங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் வாடகைக்குக் கிடைக்கும் பிளேட் காம்பாக்டரை (கல்லை இடித்து இறுக்கும் இயந்திரம்) ஓட்டுங்கள்.

கான்கிரீட் தளம் போடுவதென்றால் கணக்கே வேறு. தளம் ஷெட்டைவிட அகலமாக இருந்தால் கூரையிலிருந்து விழும் மழைநீர் வெளியே நீட்டிய விளிம்பில் தேங்கி உள்ளே கசியும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவையும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் கூரையின் அளவு. கையேட்டில் தளத்தின் அளவு தனியாக இருக்கும். சிறிய ஷெட்டுக்கு ஜல்லியே போதும், கான்கிரீட் வீண் செலவு. ஆனால் பிளாஸ்டிக் தரையுள்ள கிட்டை வெறும் ஜல்லிமேல் வைத்தால் தரை நெளியும். அதற்கு ஜல்லியின் மேலே மரச்சட்டமும் பிளைவுட்டும் வேண்டும்.

அந்தச் சட்டத்தின் நாலு பக்கமும் அளவு சரியாக இருந்தும் அது கோணலாக இருக்கலாம். இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று டேப்பில் பாருங்கள், பிறகு ரசமட்டம் வையுங்கள். மரம் நிலத்தில் பட்டாலும் தாங்கும்படி மருந்தேற்றியதாக இருக்கட்டும். அறுத்த முனைகளில் மருந்து இறங்கியிருக்காது. அங்கே தனியாகப் பூசாவிட்டால் உளுப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.