ப்ராம்ப்டில் ஒரு வரிதானே என்று நினைத்தேன்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் ப்ராம்ப்டில், அதாவது ஏஐ மாடலுக்கு நாம் எழுதித் தரும் கட்டளையில், ஒரு வரியை மாற்றினார். நாலு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, "இப்போ நல்லா வருது" என்றார். எனக்குப் பகீரென்றது. இதே வார்த்தையை நானும் சொல்லி, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். ஏஐ மாடலை வைத்து வேலை செய்யும்போது நேரும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன். ஏபிஐ கீயை (சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீட்டை) கோடுக்குள் எழுதி வைப்பது மாதிரியான தவறுகள் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணால் பார்த்துவிட்டு வெளியிடுவது

அப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு சாட்பாட் செய்து கொடுத்திருந்தோம். பதில்கள் நீளமாக இருக்கின்றன என்று அவர்கள் சலித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம். 'சுருக்கமாகப் பதில் சொல்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஐந்து கேள்வி கேட்டேன், ஐந்துக்கும் அழகாக இரண்டு வரியில் பதில் வந்தது. வெளியிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாடல் சொன்னபடி சுருக்கியது. எதைச் சுருக்கியது என்பதுதான் பிரச்சினை. 'இந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு, ஆனால் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகுதான்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஆம், உண்டு' என்று மட்டும் வந்தது. இரண்டு வாரம் கழித்து, வேறு எதையோ தேடி லாகை (உரையாடல்களின் பதிவை) படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் எத்தனை பேர் அந்த 'ஆம்' என்பதை நம்பினார்களோ. வாடிக்கையாளருக்கு விளக்கம் எழுதியது, பழைய உரையாடல்களை ஒவ்வொன்றாகப் புரட்டியது என்று ஒரு மாதம் போயிற்று.

இன்னும் எரிச்சல் தீராததற்குக் காரணம், இதைத் தடுக்க அரை நாள் வேலை போதும் என்பது. லாகிலிருந்து உண்மையான கேள்விகள் 40 எடுங்கள். எழுத்துப்பிழையோடு, பாதியில் நிற்கும் வாக்கியத்தோடு அப்படியே எடுங்கள். நாமே உட்கார்ந்து எழுதும் கேள்விகள் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதிலில் எது கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி குறித்து வையுங்கள். 'ஆவணத்தில் இதற்குத் தகவல் இல்லை' என்பதே சரியான பதிலாக அமையும் கேள்விகளும் அதில் இருக்கட்டும். ப்ராம்ப்டில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் 40ஐயும் ஓட்டிப் பாருங்கள்.

பதில்களுக்கு மதிப்பெண் போடும் வேலையை இன்னொரு மாடலிடம் விடலாம். ஆனால் அது நீளமான பதிலுக்கு மதிப்பெண் அள்ளிப் போடும். இரண்டு பதிலை ஒப்பிடச் சொன்னால், எது முதலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். வரிசையை மாற்றி இரண்டு முறை கேளுங்கள். அப்புறம், பத்துப் பதிலையாவது நீங்களே படியுங்கள்.

தேடலைப் பார்க்காமல் மாடலைத் திட்டுவது

ஆவணங்களில் தேடி எடுத்துப் பதில் சொல்லும் அமைப்பில் பதில் தப்பாக வந்தால், முதலில் மாடலுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அச்சிட்டுப் பாருங்கள். ஒருமுறை மூன்று நாள் ப்ராம்ப்டோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், தேடலுக்காக ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டியதில், அட்டவணையின் தலைப்பு வரிசை ஒரு துண்டிலும் எண்கள் இன்னொரு துண்டிலும் வெட்டுப்பட்டிருந்தன. எந்த எண் எதற்கு என்று எந்த மாடலால் சொல்ல முடியும்?

டெம்பரேச்சர் 0

வைத்தாலும், அதாவது பதிலில் தற்செயலைக் கட்டுப்படுத்தும் அமைப்பை அடிமட்டத்துக்குக் குறைத்தாலும், ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அதே பதில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

தகவலைப் புகட்ட ஃபைன்ட்யூனிங்

ஃபைன்ட்யூனிங் என்றால் நம் தரவைக் கொடுத்து மாடலையே மேலும் பழக்குவது. 2021இல் லோரா என்ற மலிவான முறை வந்த பிறகு அதன் செலவு குறைந்தது, ஆசை கூடியது. பேசும் தொனியும் பதிலின் வடிவமும் மாற வேண்டுமானால் சரி. மாதாமாதம் மாறும் விலைப்பட்டியலுக்கு வேண்டாம்.

ஏஜென்ட்டைக் கட்டவிழ்த்து விடுவது

ஏஜென்ட் என்றால் அடுத்த அடியைத் தானே முடிவுசெய்து, சுற்றுச் சுற்றாக வேலை செய்யும் மாடல். சுற்றுகளுக்கு ஓர் உச்சவரம்பு, செலவுக்கு ஓர் உச்சவரம்பு. முதல் நாளே.

ஆங்கிலக் கணக்கில் டோக்கனை மதிப்பிடுவது

மாடல் உரையை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறது, கட்டணமும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான். 'ஒரு டோக்கனுக்குச் சுமார் 4 எழுத்து' என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'a' என்ற ஆங்கில எழுத்துக்கு 1 பைட். நம் 'நி', ந-வும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். உரையை டோக்கனாக வெட்டும் டோக்கனைசர் எந்த மொழித் தரவில் பழகியதோ அதைப் பொறுத்து ஒரே வாக்கியத்துக்குத் தமிழில் பல மடங்கு டோக்கன் ஆகலாம். டெமோவை ஆங்கிலத்தில் காட்டிவிட்டு, அதே பட்ஜெட்டில் தமிழுக்கும் ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் 40 கேள்விகளையும் தமிழில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.