சீரியல் லைனில் பைட் எங்கே தொலைகிறது: ஊனோவில் பிழை பிடிக்கும் முறை

மட்டக்களப்பு வாவிக்கரையில் நீர்மட்டம் பார்க்கும் சென்சரோ, சம்மாந்துறை வயலில் பம்ப் ஓட்டும் போர்டோ, தகவல் இடைக்கிடை குழம்பினால் பழி முதலில் வயரில்தான் விழும். வயரை மாற்றுமுன் சிப்பிடமே கேட்டுப் பாருங்கள். ஆர்டுயினோ போர்டுகளான ஊனோ ஆர்3, கிளாசிக் நானோ இரண்டிலும் இருக்கும் அட்மெகா328பி சிப், வந்துசேரும் ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று பிழை ஃப்ளாக்குகளை (பிழை நேர்ந்தால் 1 ஆகும் அடையாள பிட்டுகள்) வைத்திருக்கிறது: ஃபிரேம், ஓவர்ரன், பரிட்டி.

ஆர்டுயினோவின் வழக்கமான சீரியல் லைப்ரரி இதைக் காட்டாது. பரிட்டி (பைட்டோடு கூட வரும் சரிபார்ப்பு பிட்) பிழைத்த பைட்டைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். மற்ற இரண்டையும் பார்ப்பதே இல்லை. எனவே அந்த லைப்ரரியை விட்டுவிட்டு ரிசீவ் இன்டரப்டை (பைட் வந்ததும் தானாக ஓடும் சிறு நிரலை) நீங்களே எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் கம்பைல் ஆகாது.

இன்டரப்டுக்குள் முதலில் ஃப்ளாக்குகள் இருக்கும் யூசிஎஸ்ஆர்0ஏ ரெஜிஸ்டரை ஒரு மாறியில் எடுங்கள். அதன் பிறகே, வந்த பைட் தங்கும் யூடிஆர்0 இலிருந்து பைட்டை வாசியுங்கள். வரிசை மாறினால் அந்தப் பைட்டின் ஃப்ளாக் போய்விடும், கவுண்டர் பூச்சியத்திலேயே நின்று உங்களை ஏமாற்றும். பிட் 4 ஃபிரேம், பிட் 3 ஓவர்ரன், பிட் 2 பரிட்டி. மூன்றுக்கும் தனித்தனி 16 பிட் கவுண்டர், வொலட்டைல் ஆக. இது 8 பிட் சிப், 16 பிட்டை இரண்டு தடவையாக வாசிக்கும் என்பதால் மெயின் லூப்பில் கவுண்டரை வாசிக்கும் கணத்தில் இன்டரப்டை நிறுத்துங்கள். கவுண்டரைச் சின்ன எல்சிடியில் காட்டலாம். சொஃப்ட்வெயார் சீரியலில் வெளியே அனுப்பாதீர்கள்: 9600 போட் வேகத்தில் ஒரு பைட் அனுப்ப அது ஒரு மில்லிசெக்கன் இன்டரப்டை மூடும். பிழையைத் தேடப் போய்ப் பிழையை உண்டாக்கிய கதையாகும்.

ஓவர்ரன் ஏறினால் வயருக்குச் சம்பந்தமே இல்லை. உங்கள் புரோகிராம் தாமதிக்கிறது. சிப்புக்குள் இரண்டு பைட் தங்கும், மூன்றாவது வாசலில் காத்திருக்கும், நான்காவது தொடங்கியதும் இழப்பு. வெப்பநிலை, ஈரப்பதம் பார்க்கும் டிஹெச்டி22 சென்சரை வாசிக்கும் லைப்ரரிகள் சில 4, 5 மில்லிசெக்கன் இன்டரப்டை நிறுத்தும். 9600 இல் அதற்குள் நாலைந்து பைட் வந்துவிடும். செய்தி வந்து முடிந்த பிறகு சென்சரை வாசித்தால் போதும்.

ஃபிரேம் பிழை என்றால் பைட்டின் முடிவைக் காட்டும் ஸ்டொப் பிட் 1 ஆக இருக்கவில்லை. கூடவே வந்த பைட்டையும் பாருங்கள். எப்போதும் 0 என்றால் லைன் கீழே இழுபட்டு நிற்கிறது: ஷோர்ட், அல்லது இரண்டு கம்பியில் தூரத்துக்கு அனுப்பும் ஆர்எஸ்485 லைனில் ஏ, பி கம்பிகள் மாறிப் பூட்டியது. கண்டபடி மதிப்புகள் என்றால் வேகம் பொருந்தவில்லை. 16 மெகாஹேர்ட்ஸில் 115200 வைத்தாலே 2.1 வீதம் விலகல். 9600 இல் 0.2 மட்டுமே. கிறிஸ்டல் இல்லாமல் உள் ஒசிலேற்றரில் ஓடும் சிப் 10 வீதம் வரை விலகலாம், வெயிலில் இன்னும் நகரும். அவசரமில்லாத வேலைக்கு 9600 ஐ விட்டு அசையாதீர்கள்.

பரிட்டி வேலை செய்ய இரு பக்கமும் 8இ1 (8 பிட், இரட்டைப் பரிட்டி, 1 ஸ்டொப் பிட்) என்று இருக்க வேண்டும். ஒரே பைட்டில் இரண்டு பிட் புரண்டால் அது கண்டுபிடிக்காது. எனவே ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் சிஆர்சி16 (செய்தி முழுவதிலிருந்தும் கணக்கிடும் 16 பிட் சரிபார்ப்பு எண்) சேர்த்து, அதற்கு நான்காவது கவுண்டர் வையுங்கள். மொட்பஸ் வகைக்குத் தொடக்க மதிப்பு 65535, பல்லுறுப்பு 40961. "123456789" என்ற ஒன்பது எழுத்துக்கு விடை 19255 வர வேண்டும். வராவிட்டால் லைனைத் தொடாதீர்கள், கோடைத் திருத்துங்கள்.

மூன்று ஃப்ளாக்கும் அமைதி, சிஆர்சி மட்டும் தவறுகிறது, அதுவும் கடைசி பைட்டில் என்றால் அனுப்பும் பக்கத்தில் ஆர்எஸ்485 சிப்பான மெக்ஸ்485 ஐ அனுப்புவதிலிருந்து பெறுவதற்கு முந்தித் திருப்பிவிட்டீர்கள். யூசிஎஸ்ஆர்0ஏ இன் பிட் 5 ஐப் பார்த்துத் திருப்பக் கூடாது. கடைசி பிட்டும் வெளியேறியதைச் சொல்வது பிட் 6.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலும் வாவியும் சேர்ந்த உப்புக் காற்று. ஸ்குரூ டெர்மினலில் செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தால் சுரண்டுவதில் பயனில்லை. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, ஈயம் பூசாமல் இறுக்கிப் பூட்டுங்கள்.

கவுண்டரை நம்புமுன் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். அனுப்பும் பக்கத்தை 4800 ஆக்கி 0 ஐ அனுப்பினால் ஃபிரேம் கவுண்டர் ஏற வேண்டும். அதே வேகத்தில் 255 ஐ அனுப்புங்கள்: 254 என்று வரும், ஒரு ஃப்ளாக்கும் எழாது. சிஆர்சி அதைப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு 9600 க்குத் திரும்பி, பம்ப் மோட்டரைப் பத்துத் தடவை போட்டு நிறுத்தி நான்கு கவுண்டரையும் வாசியுங்கள்.