கியூ அமைத்தும் வேகம் குறையாதபோது

மெய்நிகர் கணினிகளை வலையமைப்புடன் இணைக்கும் மென்பொருள் சுவிட்சான ஓப்பன் விஸ்விட்சில், பேக்கப் எடுக்கும் மெய்நிகர் கணினிக்காக வெளியேறும் போர்ட்டில் நொடிக்கு 10 மெகாபிட் உச்சவரம்புடன் கியூ 1 (பாக்கெட்டுகள் காத்திருந்து செல்லும் வரிசை) அமைத்தேன். அப்படியும் அந்தக் கணினி இணைப்பு முழுவதையும் விழுங்கியது. உச்சவரம்பைக் குறிக்கும் மேக்ஸ்-ரேட் மதிப்பு பிட் கணக்கில் 10000000 என்று சரியாகவே இருந்தது. கியூக்களைப் போர்ட்டுடன் இணைக்கும் கியூஓஎஸ் (சேவைத்தர அமைப்பு) பதிவைப் போர்ட்டிலிருந்து கழற்றினாலும் தரவுத்தளத்தில் அது தங்கிவிடும். அதனால் அதைத் தனியே அழித்து மீண்டும் உருவாக்கியும் பலனில்லை.

லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவியான டிசி காட்டும் புள்ளிவிவரத்தில் 1:1 வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. பலர் தவறவிடும் இடம் இதுதான்: அங்கே கியூவின் எண்ணோடு ஒன்று கூடிவிடும். 1:1 என்பது கியூ 0. கியூ 1-க்குரியது 1:2. அதில் ஒரு பாக்கெட்கூட இல்லை. கியூவுக்குள் பாக்கெட்டைத் திருப்பிவிட ஃப்ளோ விதி (எந்தப் பாக்கெட்டை என்ன செய்வது என்று சுவிட்சுக்குச் சொல்லும் விதி) ஒன்று வேண்டும். அந்தக் கணினியின் பாக்கெட்டுகள் சுவிட்சுக்குள் நுழையும் இன்-போர்ட்டுக்கு ‘செட்_கியூ:1, நார்மல்’ என்று, அதாவது கியூ 1-இல் இட்டு வழக்கம்போல அனுப்பு என்று, சேர்த்தேன். 1:2 ஏறத் தொடங்கியது. வேகம் 10 மெகாபிட்டுக்குள் அடங்கியது. பெரிய நிம்மதி!