கருகிய ஹாமை மீட்ட என் அனுபவம்

சென்ற கிறிஸ்துமஸுக்கு டொராண்டோவில் எங்கள் குடும்ப விருந்துக்காக, ஏற்கெனவே வேகவைத்துப் புகையூட்டிய 4 கிலோ ஹாமை (பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியை) வாங்கி, பழுப்புச் சர்க்கரையும் தேனும் கடுகு விழுதும் கலந்த பாகைத் தொடக்கத்திலேயே தடவி ஓவனில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மேற்புறம் கருகிக் கசந்தது. எலும்பையொட்டிய இறைச்சியோ குளிர்ந்தே இருந்தது. உள்ளே சூடேறும் முன்பே சர்க்கரை கருகிவிடும் என்பதுதான் காரணம்.

கருகிய படலத்தைச் சுரண்டியெடுத்து, தட்டில் ஒரு குவளை ஆப்பிள் சாறு ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, வெப்பத்தை 160 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்தேன். எலும்பில் படாமல் செருகிய வெப்பமானி 55 டிகிரியைக் காட்டிய பிறகே தாளை அகற்றி, புதிய பாகை இருமுறை பூசி, 200 டிகிரியில் கால் மணி நேரம் அருகிலேயே நின்று கவனித்தேன். கொழுப்பின் கீறல்களில் பாகு நுரைத்துத் தேன்நிறமாகப் பளபளத்தது. உட்புறம் 60 டிகிரியை எட்டியதும் வெளியே எடுத்து, 20 நிமிடம் ஆறவிட்டு அறுத்தேன்.