பச்சைப் பல்லியிலிருந்து உணவு வலை வரை: ஒரு வகுப்புக்கான செய்முறை

மொரீசியசில் பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலி சொல்லித்தரும்போது புலி, சிங்கம் என்று ஆரம்பிக்க வேண்டாம். இங்கே வாழை மரத்தில் ஓடுகிற பச்சைப் பல்லியைப் பார்க்காத பிள்ளை கிடையாது, அதிலிருந்தே தொடங்கலாம். அட்டைகள், நூல் உருண்டை, ஒரு கைப்பிடி துவரம் பருப்பு, இவ்வளவு போதும்.

முதலில் நான்கு அட்டைகள்: செடி, பூச்சி, பச்சைப் பல்லி, மொரீசியஸ் கெஸ்ட்ரல் (நம் காட்டுச் சிறு வல்லூறு). பேச்சில் கிரியோல் பெயர் வந்தால் வரட்டும், அட்டையில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அம்புக்குறியில்தான் நிறைய பேர் தடுமாறுவார்கள், தின்பதிலிருந்து இரையை நோக்கிப் போட்டுவிடுவார்கள். "இது யார் வயிற்றுக்குப் போகுது?" என்று ஒவ்வொரு அம்புக்கும் கேளுங்கள், திசை தானாகச் சரியாகும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேரும்: செடியில் 1000 என்றால் பூச்சிக்கு 100, பல்லிக்கு 10, கெஸ்ட்ரலுக்கு 1. சங்கிலி ஏன் நீளமாகப் போவதில்லை என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அடுத்து, பல்லி பூந்தேனும் குடிக்கும் என்று சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் செடியிலிருந்து நேராகப் பல்லிக்கே இன்னொரு அம்பு போட வேண்டியிருக்கும், சங்கிலி அங்கேயே வலையாகிவிடும். பூச்சியும் பழமும் தின்னும் மைனா, பல்லியையும் மைனாவையும் பிடிக்கும் பூனை, எல்லாவற்றையும் மக்கவைக்கும் பூஞ்சை ஆகியவற்றையும் சேர்த்து, பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து நூலால் இணையுங்கள்.

இப்போது பல்லி நூலை விடட்டும். யார் கையில் நூல் தளர்ந்ததோ அவர்கள் கையைத் தூக்க வேண்டும். சில பூக்களுக்கு மகரந்தம் சுமப்பதே பல்லிதான் என்பதால் செடியும் கை தூக்கும், காரணத்தை அவர்களையே சொல்லவிடுங்கள்.

கடைசியாகப் பருப்பு. மலேரியாக் கொசுவை ஒழிக்க இங்கே தெளித்த டிடிடி உடல் கொழுப்பில் தங்கிவிடும் நஞ்சு. பூச்சிக்கு ஒரு பருப்பு கொடுங்கள். பல்லி 5 பூச்சி தின்றால் 5 பருப்பு, கெஸ்ட்ரல் 4 பல்லி தின்றால் 20. இந்த நஞ்சு சேர்ந்தால் வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்து உடையும். காடழிப்பு, வெளியிலிருந்து வந்த கீரி, பூனை, இதோடு டிடிடி, எல்லாம் சேர்ந்து 1974இல் காட்டில் நான்கே கெஸ்ட்ரல்கள்தான் தெரிந்தன. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டதால்தான் பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின. அதையும் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

வீட்டுப் பாடமாகத் தங்கள் வீட்டுத் தோட்டத்து வலையை வரையட்டும். திருத்தும்போது முதலில் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதைத்தான் விட்டிருப்பார்கள்.