லேவியராகமத்தை வீட்டுக்கூட்டத்தில் நடத்துவது எப்படி

தாராவியில் தோல்பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் சந்தில் வெள்ளிக்கிழமை இரவு நடக்கிற வேதபாடத்தையும் நான்தான் நடத்துகிறேன். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்துக்கு ஆர்வமாக வருகிறவர்கள், மூன்றாம் புத்தகமான லேவியராகமம் என்றதும் பின்வாங்குவார்கள். "ஆடு மாடு பலியெல்லாம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்பார்கள். கைவேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு இவ்வளவு நெருக்கமான புத்தகம் வேதத்தில் வேறு இல்லை என்று நான் நம்புகிறேன். நடத்த நினைக்கிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

முதல் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம். 13ஆம் அதிகாரம் 47ஆம் வசனத்தில் தொடங்குங்கள். துணியிலோ தோலிலோ பச்சையாக, சிவப்பாகக் கறை படர்ந்தால் என்ன செய்வது என்று அங்கே இருக்கிறது. ஆசாரியன், அதாவது இஸ்ரவேலருக்காகப் பலி செலுத்துகிற குரு, பார்க்க வேண்டும், 7 நாள் தனியே அடைத்து வைக்க வேண்டும், திரும்பவும் பார்க்க வேண்டும். படர்ந்திருந்தால் எரித்துவிட வேண்டும். படராவிட்டால் கழுவி, இன்னும் 7 நாள். கழுவிய பிறகு கறை மங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் கிழித்து எடுத்தால் போதும். திரும்ப வந்தால்தான் நெருப்பு.

மும்பை மழையில் தோல் வைத்திருக்கிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜூலையில் மேல்தட்டில் சுருட்டி வைத்த தோலை எடுத்தால் மேல்பக்கம் பூசணம் பூத்திருக்கும். துடைத்துக் காற்றாட விட்டுக் காத்திருப்போம். மறுபடி அதே இடத்தில் வந்தால் உள்ளே இறங்கிவிட்டது என்று தெரியும், அந்தப் பகுதியை விட்டு வெட்டுவோம். கூட்டத்துக்கு அப்படி ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: இங்கே ஆசாரியன் குணமாக்குகிறானா? இல்லை. பார்க்கிறான், பொறுக்கிறான், மறுபடி பார்க்கிறான். மாற்று உடை இல்லாதவனுடைய ஒரே போர்வையைப் பற்றி அவசரத்தில் தீர்ப்புச் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை.

அதே கையோடு 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவர் கறையையும் வாசியுங்கள். ஆசாரியன் உள்ளே வருமுன் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிடச் சொல்கிறது சட்டம். அவன் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடும் என்பதற்காக. குடும்பத்தின் பாத்திரம் பண்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சோதனை. ஒழுகுகிற அறையில் குடியிருக்கிறவர்கள் இந்த வசனத்தை விடவே மாட்டார்கள்.

அடுத்த வாரம் பலிகள். ஐந்து வகைப் பலிகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், அங்கேதான் தூக்கம் வரும். 5ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பாவநிவாரணத்துக்கு ஒரு பெண் ஆடு. முடியாதவனுக்கு இரண்டு புறா. அதற்கும் முடியாதவனுக்கு எப்பா என்ற பழைய எபிரெய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய 2 லிட்டர். அந்த அளவு மாவை ஒரு டப்பாவில் போட்டு நடுவில் வையுங்கள். ஆடு கொண்டுவந்தவனுக்குக் கிடைக்கிற அதே மன்னிப்பு இதற்கும் உண்டு. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது யோசேப்பும் மரியாளும் செலுத்தியது பறவைகள்தான் என்று லூக்கா எழுதியிருப்பதை இங்கே சொல்லுங்கள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு 12ஆம் அதிகாரம் வைத்த ஏற்பாடு அது.

முதல் பிரதான ஆசாரியன் ஆரோனுக்கும் அவன் மகன்மாருக்கும் வைத்த அன்றாட வேலைக்கு 6ஆம் அதிகாரம். காலையில் சணல்நூல் உடையில் பலிபீடத்துச் சாம்பலை அள்ள வேண்டும், பிறகு உடை மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்கு, அதாவது ஜனம் கூடாரம் போட்டிருக்கிற இடத்துக்கு, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், விறகு அடுக்க வேண்டும், நெருப்பு அணையக் கூடாது. வீட்டுவேலைக்குப் போகிற அக்காமார் யாராவது இருந்தால் இதை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா, "ஆரோன் மகன்மாரும் சாம்பல் அள்ளினாங்களா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆசாரியருக்கு நிலம் பங்கு கிடையாது என்பதையும் எண்ணாகமம் 18இலிருந்து காட்டிவிடுங்கள். சர்வாங்க தகனபலியில் இறைச்சி முழுக்க எரிந்துவிடும், தோல் மட்டும் பலி செலுத்திய ஆசாரியனுக்கு. அது லேவியராகமம் 7ஆம் அதிகாரம் 8ஆம் வசனம். எங்கள் தொழில்காரர்கள் அதற்கு அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

19ஆம் அதிகாரத்துக்கு ஒரு முழு இரவு ஒதுக்குங்கள். வயல் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடுவது, செவிடனைத் திட்டாமல் இருப்பது, தராசும் படியும் சரியாக இருப்பது, நரைத்தவர் முன் எழுந்து நிற்பது எல்லாம் அங்கே வரும். கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்ற 13ஆம் வசனத்தில் நில்லுங்கள். முதலாளியும் கூலிக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தால் முதலாளியை வாசிக்கச் சொல்லுங்கள். என் பட்டறையில் பீஸ் கணக்குக் கூலி அன்று மாலையே போய்விடும். இந்த வசனத்துக்காகத்தான்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதோடு பலி நின்றுபோனது என்று யாராவது கேட்குமுன் சொல்லிவிடுங்கள். சட்டத்தை வாசிப்பது நிற்கவில்லை. நம் ஊரிலேயே காலா கோடாவில் 1884இல் கட்டிய யூத ஜெப ஆலயம் இருக்கிறது. வாலிபரை அந்தப் பக்கம் கூட்டிப்போனால் இது செத்த பழங்கதை இல்லை என்று புரியும்.

பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் 16ஆம் அதிகாரத்தைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். பிரதான ஆசாரியன் அன்று அலங்கார உடை இல்லாமல் வெறும் சணல்நூல் உடையில், முதலில் தன் பாவத்துக்காகப் பலி கொடுத்துவிட்டுத்தான் ஜனத்துக்காக நிற்கிறான். முந்தின வாரங்களில் வந்தவர்களுக்கு அதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது, வாசித்தாலே போதும்.