குளியலறை விளக்கை மாற்றும்போது சுவிச்சை மட்டும் நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறை வீட்டின் பின்புறம், கிணற்றடிக்கு அருகே இருக்கும். கடற்காற்றின் உப்பும் மாரிகாலத்து ஈரமும் சேர்ந்து அங்குள்ள விளக்கை மற்ற அறைகளின் விளக்குகளைவிட விரைவாகக் கெடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் அந்த விளக்கின் மூடியைக் கழற்றியபோது உள்ளே இரண்டு பல்லி முட்டைகளும் பச்சைக் களிம்பு படர்ந்த பித்தளைத் திருகாணிகளும் இருந்தன. கம்பியின் மேலுறை விரல் பட்டதும் உதிர்ந்தது.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது, சுவிச்சை நிறுத்திய பிறகும், மின் இருப்பதைக் காட்டும் ரெஸ்ரர் ஒளிர்ந்ததுதான். முன்பு வயறிங் செய்தவர் சுவிச்சை மின்னைக் கொண்டுவரும் உயிர்க்கம்பியில் (லைவ்) வைக்காமல், மின் திரும்பிச் செல்லும் நொதுமல் கம்பியில் (நியூற்றல்) வைத்திருந்தார். ஆகவே விளக்கு அணைந்திருந்தபோதும் ஹோல்டர்வரை 230 வோல்ற் வந்து நின்றது. எனவே மெயின் சுவிச்சை நிறுத்தாமல் ஏணியில் கால் வைக்கக்கூடாது. இன்வேர்ட்டர், ஜெனரேற்றர், கூரையில் சூரியத்தகடு ஆகியவற்றில் எது இருந்தாலும் அதையும் தனியே நிறுத்த வேண்டும். மெயினை வேறொருவர் தெரியாமல் போட்டுவிடாதபடி வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மெயினை நிறுத்துவதற்கு முன்னரே ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்க வேண்டிய அந்தக் கருவி அழுத்தியும் விழாவிட்டால், விளக்கை ஒத்திவைத்து முதலில் அதைத் திருத்துங்கள். மின் நின்றதை உறுதிசெய்ய ரெஸ்ரரைவிட, வோல்ற் அளவை எண்ணாகக் காட்டும் மல்ரிமீற்றர் நம்பகமானது. மின் இருக்கும் ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்வதை அறிந்தபின் விளக்கின் கம்பிகளைச் சோதித்து, மறுபடியும் மின் இருக்கும் இடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வதே சரியான முறை. பழுதான கருவியும் மின் இல்லை என்றுதான் காட்டும்.

தரை உலர்ந்திருக்கும் நேரத்தில், உலர்ந்த மர ஏணியில் நின்று வேலை செய்யுங்கள். பழைய விளக்கைக் கழற்றுமுன் கம்பிகள் பொருந்தியிருக்கும் விதத்தைக் கைபேசியில் படமெடுங்கள். பழைய வயறிங்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவிக்கம்பி (எர்த்). புதியதில் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் என்று வரும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து. மேலுறை உதிர்ந்தால், உறுதியான பகுதி வரும்வரை வெட்டியெடுங்கள். அதற்குக் கம்பி நீளம் போதாவிட்டாலோ சுவருக்குள்ளும் உதிர்ந்திருந்தாலோ, ரேப் சுற்றிச் சமாளிக்காமல் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரை அழையுங்கள். சுவிச் நொதுமல் கம்பியில் இருந்தாலும் அவரே அதைத் திருத்த வேண்டும்.

புதிய விளக்கை வாங்கும்போது அழகைவிடப் பெட்டியில் உள்ள ஐபி எண்ணைப் பாருங்கள்; தூசும் நீரும் உள்ளே புகாமல் விளக்கு எவ்வளவு காக்கப்பட்டிருக்கிறது என்பதை அது காட்டும். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஐபி 44 குறைந்த அளவு. ஷவருக்கு நேர்மேலே ஐபி 65 நல்லது. விளக்கடிக்குப் புவிக்கம்பி வராத வீடானால் உலோக விளக்கைத் தவிர்த்து, சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்பு விளக்கையே தெரிவுசெய்யுங்கள். திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்கில் இருக்கட்டும். கூரை பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றாக இருந்தால் அதைத் துளைக்காமல் விளக்கைச் சுவரில் பொருத்துங்கள்.

கம்பிகளை இணைக்கும் கனெக்ரருக்கு வெளியே செம்பு தெரியாதபடி கம்பியைச் செருகி இறுக்கி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மீண்டும் இறுக்க வேண்டும். ரப்பர் வளையம் முறுக்காமல் பள்ளத்தில் அமர்ந்த பின்னரே மூடியைப் போடுங்கள். சுவர் விளக்கானால் மேல்விளிம்புக்கும் இரு பக்கங்களுக்கும் சிலிக்கன் பூசி, கீழ்விளிம்பை விட்டுவிடுங்கள்; உள்ளே ஊறும் நீர் வடிய அதுவே வழி.

பின்னர் மெயினைப் போட்டு, உலர்ந்த கையால் விளக்கை ஏற்றுங்கள். மறுநாள் எல்லோரும் குளித்து முடித்தபின் மூடியை உற்றுப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி தெரிந்தால் ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை; மெயினை நிறுத்தி அதை மீண்டும் பொருத்துங்கள்.